துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்

அறுபதுகளின் பின்பாதி. மழை பிடிப்பதற்குக் கொஞ்ச நாள் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவிலிருந்த மைதானத்தில் அன்று சாயங்காலம் படம் போட்டார்கள்.

டிக்கெட் வாங்கிப் பார்க்கிற படம் என்றால் ராபர்ட்சன்பேட்டைக்குப் போகவேண்டும். இது அந்த மாதிரி இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு தொண்டுச் சங்கத்தார் வேனில் கருவியைக் கொண்டுவந்து, இரண்டு மூங்கிலை நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிக் காட்டுகிற படம். பாட்டு, சண்டை ஒன்றும் இருக்காது. உலகத்தில் எங்கெங்கே ஏழை ஜனங்கள் என்னென்ன பாடு படுகிறார்கள் என்று காட்டுவார்கள். அப்படிப்பட்ட படத்துக்கும் எங்கள் ஆட்கள் சாக்கு விரித்து இடம் பிடிப்பார்கள். 'ஓசியில கெடச்சா எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணு' என்று சும்மாவா சொன்னார்கள்?

படம் இங்கிலீஷில் பேசும். ஆகையால் துணிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். அந்த ஆள் நான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து வாங்குகிற லாம்ப் ரூமில் வேலை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய ஆங்கிலப் பேப்பரையும், நோட்டீஸ் பலகையையும் எழுத்துக்கூட்டிப் படித்து, ஆண்டர்சன்பேட்டையில் பழைய புத்தகம் விற்றவரிடம் அட்டை கிழிந்த ஒரு அகராதி வாங்கி, நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எங்கள் லைனில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டேன். ஆனால் எழுதி முடித்ததும் நாலு பேர் முன்னால் ராகம் போட்டுப் படித்துக் காட்டுவேன். அந்தப் பெருமைதான் எனக்குக் கூலி.

படம் வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் அப்படி ஒரு மனு எழுதியிருந்தேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

லைனுக்குக் கிழக்கே, தங்கம் பிரித்தெடுத்த பிறகு சுரங்கத்தார் கொட்டிவைத்த சயனைட் மணல் மேடு. அதன் சரிவில் எட்டுக் குடிசைகள். இருளர்கள் இருந்தார்கள். எலி பிடிப்பார்கள், தேன் எடுப்பார்கள், விறகு கொண்டுவந்து விற்பார்கள். யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் அவர்களைத்தான் கூப்பிடுவோம். பாம்பைப் பிடித்ததும் ஒரு படி கேழ்வரகைப் போட்டு அனுப்பிவிடுவோம். பாம்பு போன வழியிலேயே ஆளும் போய்விட வேண்டும், அதுதான் எங்கள் மரியாதை.

அந்த மாதம் லைனில் கோழிகள் காணாமல் போயின. கொடியில் காயப்போட்ட வேட்டி ஒன்று, ஒரு பித்தளைச் சொம்பு, இவையும் போயின. யாரும் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. "அவங்கதான், வேற யாரு?" என்றார் ஒருவர். மறுநாள் எல்லோரும் அதையே சொன்னார்கள். இருளர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தக் கேட்டு அதிகாரிக்கு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல மனு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

'மேற்படி ஆட்கள் எங்கிருந்தோ வந்து ஒண்டியவர்கள். நிரந்தரமான தொழில் இல்லாதவர்கள். அகால வேளைகளில் நடமாடுகிறவர்கள். எங்கள் கோழி, துணிமணிகள் களவு போகின்றன. எங்கள் பெண்டு பிள்ளைகள் அச்சத்தில் இருக்கிறார்கள். ஆகவே மகா கனம் பொருந்திய சமூகம் அவர்கள் கிருபை கூர்ந்து இவர்களை வேறிடம் அனுப்பி எங்களைக் காத்தருள வேண்டுகிறோம்.'

இதை நாற்பது வீட்டுக்கு மேல் வாசல் வாசலாக நின்று சத்தமாகப் படித்துக் காட்டிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். லைனில் குழந்தைகள்கூட 'பெண்டு பிள்ளைகள் அச்சத்தில்' என்று சொல்லிச் சொல்லி விளையாடின. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் படம்.

படத்தில் சொல்லப்படுகிற பேச்சை ஆங்கிலத்தில் டைப் அடித்து நாலு தாளாக முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தரம் படித்தேன். கடல் தாண்டி எங்கோ ஒரு மலை நாடு. அங்கே தங்கம் எடுக்கிறார்கள். அந்த மண்ணிலேயே ஆதியிலிருந்து இருந்த ஜனங்களை எப்படி அங்கிருந்து கிளப்பினார்கள் என்பதுதான் கதை. படித்தபோது பாவமாக இருந்தது. உச்சுக்கொட்டினேன். அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். முதல் ரீலில் சுரங்கம் காட்டினார்கள். கூண்டு போன்ற கேஜில் ஆட்களை ஏற்றிக் கீழே இறக்கினார்கள். எங்கள் கூட்டத்துக்கு ஏக குஷி. எனக்கு வேலையே இல்லை, அவர்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"யோவ், கேஜ்ல எத்தினி பேர ஏத்தறான் பாருய்யா! நம்ம ஊரு பஸ்சு மாதிரி கீது!"

வேலை முடித்து மேலே ஏறி வந்த ஆட்களை நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிச் சோதனை போட்டார்கள். தங்கத் துணுக்கு எதையாவது ஒளித்திருக்கிறார்களா என்று பார்க்கிற சோதனை. அதுவரை கூச்சல் போட்டுக்கொண்டிருந்த ஆம்பிளைகள் கொஞ்சம் அடங்கினார்கள். பிறகு ஒரு பெரிய பட்டணத்துக் கடை வந்தது. சீமாட்டி ஒருத்தி கையை நீட்டி மோதிரம் போட்டுப் பார்த்தாள். உடனே மறுபடி சுரங்கக்காரன் குடிசை.

முன்வரிசையில் என் மச்சான் முறையான ஒருவர், பாறையில் துளை போடுகிற டிரில்லர், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "தங்கம் எந்தச் சீமையில கெடச்சா இன்னா மச்சான்," என்றார். "தோண்டறவன் வூட்டுக்குத் தகரந்தான்." மைதானமே ஆமாம் போட்டது.

இரண்டாம் ரீலில் அந்த மலை ஜனங்கள் வந்தார்கள். ஏரிக்கரையில் கிழங்கு தோண்டுகிறார்கள், பறவை பிடிக்கிறார்கள். தங்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் வெளியிலிருந்து ஆட்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். எனக்குப் பழமொழி என்றால் உயிர், உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். இந்த இடத்தில் தாளில் இல்லாததை நானாகச் சேர்த்தேன். "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினாளாம், அந்தக் கதைதான் இது!" என்று கையை வீசிச் சொன்னேன். ஒரே கைதட்டல். பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன்.

அடுத்ததாக, கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கையில் ஒரு பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு படித்தார். குடியேறி வந்தவர்கள் அந்தக் காலத்து அதிகாரிக்கு எழுதிய கடிதம். அதை நான் தமிழில் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த மனுத் தமிழ் ஒன்றுதான். வாய் அதன் வழக்கத்துக்குப் போய்விட்டது.

"மகா கனம் பொருந்திய சமூகத்துக்கு... மேற்படி ஆட்கள் நிரந்தரமான தொழில் இல்லாதவர்கள். அகால வேளைகளில் நடமாடுகிறவர்கள். எங்கள் கோழி, துணிமணிகள் களவு போகின்றன. எங்கள் பெண்டு பிள்ளைகள் அச்சத்தில் இருக்கிறார்கள்..."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் மாற்றவில்லை. அந்தப் பெரியவர் படித்ததும் அதுவேதான். கோழிகூட இருந்தது. மூன்று தரம் இங்கிலீஷில் படித்தபோது அது யாரோ எழுதிய கடிதமாக இருந்தது. என் வாயால் தமிழில் வந்தபோதுதான் அது யாருடையது என்று தெரிந்தது.

எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எங்கள் லைன் வேர்க்கடலைக்கார அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து நின்று, "இன்னா தம்பீ! நம்ம மனுவ அந்த ஊருக்கும் எழுதிக் குட்த்தியா?" என்றார்கள்.

மைதானம் குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு முன்வரிசையில் சிரிப்பு நின்றது. அடுத்த வரிசையில் நின்றது. அப்படியே பின்னால் பின்னால் போய், கடைசியில் கருவி ஓடுகிற கடகட சத்தம் மட்டும் கேட்டது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் திரும்பினேன். துணிக்குப் பக்கவாட்டில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும். அந்தப் பக்கம், துணிக்குப் பின்னால், வெறுந்தரையில் எட்டுக் குடிசை ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு வந்து உட்காரக் கூடாது என்று யாரும் அன்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் வைத்திருந்தோம். பின்னாலிருந்து பார்த்தால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். மற்றபடி எல்லாம் தெரியும். என் குரல் நன்றாகவே கேட்கும்.

அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியில் கூரைகளைப் பிரித்தார்கள். சட்டி பானைகளை வண்டியில் ஏற்றினார்கள். ஒரு வயதான பெண் வண்டியில் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். தாளில் அதற்கு வசனம் இருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை.

"பேசுப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"உட்டுடு," என்றார் டிரில்லர் மச்சான். "நமக்குக் கண்ணு கீதுல்ல."

மீதிப் படம் யாரும் சொல்லாமலே ஓடியது. வண்டிகள் ஒரு மலை வளைவில் திரும்பி மறைந்தன. விளக்கைப் போட்டார்கள்.

வழக்கமாகப் படம் முடிந்தால் என் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். அன்று ஒருவரும் கிட்டே வரவில்லை. வந்தது ஒரே ஒருவர்தான், துணியைச் சுற்றிக்கொண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் வீட்டுக்கே பாம்பு பிடிக்க வந்திருக்கிறார். நான் அவரை ஒருமையில்தான் கூப்பிட்டிருக்கிறேன். பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள்.

"சாமி, அடுத்த ரீலு போடலியா?" என்றார்.

"இல்ல. முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சிடுச்சா? அப்ப அந்த வண்டில போனாங்களே, அவங்கள எங்க எறக்கி உட்டாங்க?"

தாளைப் புரட்டினேன். ஒன்றுமில்லை. வேன்காரரிடம் கேட்டேன். அவர் ரீலைச் சுற்றிக்கொண்டே, "இதோட சரி, அதுக்கு மேல படம் எடுக்கல" என்றார்.

"எங்க போனாங்கன்னு பாக்காமயே வந்துட்டாங்களா?" என்று கேட்டார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவருக்கு அது தேவைப்பட்டது.

அப்போது அந்த அம்மாள் கணவனுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "எங்களுக்கும் எப்போன்னு சொல்ட்டீங்கன்னா நல்லாருக்கும் சாமி. மழைக்கு முந்தியே போய்டுவோம். மருமக நெறமாசமா கீறா, மழைல நடக்க முடியாது."

அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? வாசல் வாசலாக நின்று ராகம் போட்டுப் படித்தவன் நான். மேட்டுக்கும் லைனுக்கும் நடுவில் இருந்தது ஒரு பள்ளம்தானே! பத்து நாளாக அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, எந்த நாள் என்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். நான் தாள்களை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனு அலமாரியில் அகராதிக்குள் மடித்து வைத்திருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "இன்னாங்க, உங்க தாத்தாவ ஊருக்கு வெளிய வெச்சிருந்தானே, அவனும் இந்த மாதிரி ஒரு காயிதம் எழுதியிருப்பான் இல்ல?"

எங்கள் தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு சேரியிலிருந்து, ஊர்க் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுக்க வழியில்லாமல், இங்கே சுரங்க வேலைக்கு நடந்து வந்தவர். 'எங்கிருந்தோ வந்து ஒண்டியவர்கள்' என்று எழுதினேனே, அது எழுத்துக்கு எழுத்து எங்களுக்குத்தான் பொருந்தும். இருளர்கள் இந்தக் கரட்டில் சுரங்கம் தோண்டுவதற்கு முன்பிருந்தே இருப்பதாகச் சொல்வார்கள். அன்று காலையில், நாங்கள் ஞாயிறுதோறும் போகிற புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வந்த வாய் என்னுடையது. பிறர் பொருளை எடுக்கமாட்டேன் என்று அதில் இருக்கிறது. ஒருவன் இருக்கிற இடத்தை எடுப்பது அதில் சேருமா சேராதா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

காலையில் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. "நீ எழுதன, சரி. கையெழுத்து எங்களதுய்யா. அதக் கிழிக்க நீ யாரு?" என்றார். அவர் சொன்னது நியாயம். கோழி போனதும் அவர் வீட்டில்தான்.

ஆகவே அன்று ஆபீஸுக்குப் போகாமல், ஷிப்ட் முடிந்ததும் அதே மனுவை எடுத்துக்கொண்டு மறுபடி வாசல் வாசலாக ஏறினேன். "இருக்கட்டுமா, அடிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். படித்துக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. "அடிச்சுடு, அடிச்சுடு" என்று பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். சிலர் பேனாவை வாங்கி, காகிதம் கிழிகிற மாதிரி தாங்களே அடித்தார்கள். வேர்க்கடலை அக்காவிடம் வந்தபோது ஒரு சிக்கல். அவர்களுடையது கைநாட்டு.

"கையெழுத்த அடிக்கலாம். கைநாட்ட எப்டி தம்பி அடிக்கறது?" என்றார்கள். பிறகு அவர்களே மைப் பெட்டியில் கட்டை விரலை அழுத்தி, பழைய ரேகையின் மேலேயே வைத்து, அது வெறும் கறுப்புப் பொட்டாக ஆகிறவரை தேய்த்துவிட்டார்கள். "போ. இனிமே அது நான் இல்ல."

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். ஒரு பத்துப் பேர் மாறவில்லை. "படம் வேற, பொழப்பு வேற" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்க் காசு கொடுத்துப் புது மனு எழுதி வாங்கிக் கொடுத்தேவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் மேட்டுக்குப் போனேன். அவ்வளவு வருஷத்தில் முதல் தடவை. இருளர்கள் அங்கேயே இருக்கலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எங்கள் லைன்காரர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு மனு எழுதியிருந்தேன். அவர்கள் பெயரும் அதில் வேண்டும். பாம்பு பிடிக்கிற அவரை, "உக்காருங்க" என்றேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டேதான் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தார். மனுவைப் படித்துக் காட்டினேன். ராகம் வரவில்லை.

"இன்னொரு தபா படிங்க," என்றார். படித்தேன்.

குடிசைகளிலிருந்து மற்றவர்களையும் கூப்பிட்டார். மூன்றாம் தடவை படித்தேன். இருட்டைப் போல நிறமுள்ள கட்டை விரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, அவர் தன் மனைவியிடம் சொன்னார்: "நம்மளப் பத்தி எழுதனத நம்மகிட்டயே வந்து படிக்கறாங்க. இதான் மொத தபா."

என்னைப் பாராட்டிச் சொல்லவில்லை. அதிசயமாக இருந்ததால் சொன்னார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'ஆமாம் சாமி' என்றுதான் சொல்லியிருப்பார், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு அதிகாரி சைக்கிளில் வந்து பார்த்தார். கையில் இரண்டு மனு. ஒன்று போகச் சொல்கிறது, ஒன்று இருக்கச் சொல்கிறது. லைனையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல நீங்க எல்லாம் ஒரு முடிவுக்கு வாங்கய்யா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. மழை பிடித்தது. மேட்டில் ஒரு பேரக்குழந்தை பிறந்தது. குடிசைகள் இருந்தன. எங்கள் லைனில் கோழிகளும் அவ்வப்போது காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன.

அதற்குப் பிறகும் நிறைய மனு எழுதிவிட்டேன். முன்பெல்லாம் எழுதியதை, கையெழுத்துப் போடுகிறவர்களிடம் படித்துக் காட்டுவேன். இப்போதோ, அதில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர் வீட்டு வாசலுக்கு முதலில் போய்ப் படிக்கிறேன், அங்கே என் குரல் எழும்பவில்லையென்றால் அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டு பேசாமல் திரும்பிவிடுகிறேன்.